சேலையூரில் போர்ச்சுகல் நேரம்

மூன்று வாரம் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. தெரியாத நம்பர். பர்சனல் லோன் வேண்டுமா என்று கேட்கப் போகிறார்கள், இன்றைக்கு நாலு வார்த்தை சூடாகக் கொடுத்துவிடலாம் என்ற தயாரிப்போடுதான் எடுத்தேன்.

“அக்கா, நான் கேம்ப் ரோடு காய்க்கட செல்வி பேசறேன். உன் தங்கச்சி இங்க மயக்கமா குந்திகினு கீது. அதுதான் உன் நம்பர் சொல்ச்சு. சீக்கிரம் வாக்கா!”

எனக்குக் கை கால் ஓடவில்லை. துணியைப் பாதியில் விட்டுவிட்டு, செருப்பைக்கூட ஜோடி மாற்றிப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து கேம்ப் ரோடு ஒன்றும் காசி, ராமேஸ்வரம் இல்லை. ஆனால் அன்றைக்கென்று தண்ணீர் லாரி, குறுக்கே மாடு, தோண்டிப் போட்ட பள்ளம்... எல்லாம் வரிசை கட்டி நின்றன. வழியெல்லாம் வேண்டாத கற்பனை வேறு.

சுதா என் தங்கை. எனக்கு அவள் ஒருத்திதான். சேலையூரில் இருக்கிறாள். நாலைந்து வருஷமாகச் சர்க்கரை உண்டு. மற்றபடி கல்லுக்குண்டு மாதிரி இருப்பாள். அவள் மயங்கி விழுந்து நான் பார்த்ததே இல்லை.

காய்க்கடை வாசலில், கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை. கை நடுங்குகிறது. பக்கத்துக் கடையிலிருந்து யாரோ சர்க்கரை தூக்கலாக ஒரு டீ வாங்கிக் கொடுத்திருந்தார்கள். செல்வி ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சுதா முதலில் கேட்டது என்ன தெரியுமா?

“அக்கா, மணி அஞ்சாயிடுச்சா?”

ஆட்டோ பிடித்து, அங்கேயே தெரு முனையில் இருந்த கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை எக்கச்சக்கமாக இறங்கியிருந்தது. குளுக்கோஸ் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். டாக்டர் சின்னப் பையன்தான். ஆனால் நிதானமாகப் பேசினார்.

“மதியம் மாத்திரை போட்டீங்களாம்மா?”

“போட்டேன் டாக்டர்.”

“என்ன சாப்ட்டீங்க?”

சுதா விட்டத்தைப் பார்த்தாள். “இன்னும் சாப்பிடலை.”

“ஏம்மா?”

“பொண்ணு இன்னும் சாப்பிடலை டாக்டர்.”

“பொண்ணு எங்க, வெளில இருக்காங்களா? உள்ள வரச் சொல்லுங்க, ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லிடறேன்.”

“போர்ச்சுகல்ல இருக்கா டாக்டர்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என்னைப் பார்த்தார். நான் சுதாவைப் பார்த்தேன். 

வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு மதுவைத் தெரியும். சுதாவின் ஒரே மகள். வண்டலூர் பக்கம் ஒரு காலேஜில் ஆர்க்கிடெக்சர் நாலாம் வருஷம். ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படிக்க அந்த வகுப்பிலிருந்து இரண்டே பேரைத்தான் எடுத்தார்கள். அதில் இவள் ஒருத்தி. பிப்ரவரியில் கிளம்பினாள். போர்ச்சுகலில் போர்ட்டோ என்று ஒரு ஊர். ஜூன் கடைசியில் திரும்பி வரவேண்டும்.

அவளை அனுப்பிய அழகை அப்போதே எழுதியிருந்தேனே... பாத்ரூம் எடை மெஷினில் சூட்கேஸை ஏற்றி ஏற்றி இறக்கியது, பருப்புப்பொடிக்காக ஒரு ஸ்வெட்டரைத் தியாகம் செய்தது, எல்லாம்! சுதாவின் வீட்டுக்காரர் கண்ணன் திருமுடிவாக்கத்தில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஊறுகாய் எண்ணெய் ஒழுகக் கூடாது என்று தன் பட்டறையிலேயே ஒரு எவர்சில்வர் டப்பா செய்து, மூடிக்கு கிளாம்ப் அடித்துக் கொடுத்தார். ஏர்போர்ட் ஸ்கேனரில் அதைப் பார்த்த செக்யூரிட்டி ஒரு நிமிஷம் ஆடிப்போய்விட்டாராம்.

‘எங்கள் வீட்டுப் பெண் ஐரோப்பாவைப் பார்க்கப் போகிறாள்’ என்று நான் பெருமையடித்துக்கொண்டேன். நீங்களும் வாழ்த்தி எழுதினீர்கள். அவள் அங்கே எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அந்தச் செவ்வாய்க்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

கிளினிக் கட்டிலில் படுத்தபடியே சுதா விஷயத்தைச் சொன்னாள். ஏதோ உலக நடப்பைச் சொல்வது போல, சாதாரணமாகச் சொன்னாள்.

மது பிறந்ததிலிருந்து அவள் சாப்பிடாமல் இவள் சாப்பிட்டதில்லையாம். ஸ்கூலில் பன்னிரண்டரைக்கு லஞ்ச் பெல். இவள் ஒரு மணிக்குத் தட்டு எடுத்து வைப்பாள். காலேஜிலும் அதேதான். பிள்ளை சாப்பிட்டிருக்கும் என்று தெரிந்த பிறகுதான் இவளுக்குச் சோறு இறங்கும். யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லாமல் இருபது வருஷம் இப்படியே ஓடிவிட்டது. நமக்கே தெரியாமல் நம் வீடுகளில் இப்படி எத்தனை விரதங்கள் நடக்கின்றனவோ!

ஆனால் பூமி உருண்டை. அதை மட்டும் சுதா கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

போர்ட்டோவில் பன்னிரண்டரை மணி என்றால் சேலையூரில் சாயங்காலம் ஐந்து. மது தன் ரூமில் தட்டோடு வீடியோ காலில் வருவாள். சுதா தன் சாப்பாட்டு மேஜையில், உப்பு ஜாடியில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்காருவாள். அம்மாவும் பெண்ணும் ‘சேர்ந்து’ மதியச் சாப்பாடு சாப்பிடுவார்கள். மாத்திரை மட்டும் ஒரு மணிக்கே உள்ளே போய்விடும். டாக்டர் சொன்ன நேரத்தை மீறக் கூடாதாம்!

“அடிப்பாவி! மூணு மாசமா அஞ்சு மணிக்கா சாப்பிடற?” என்றேன். குரல் எனக்கே அடங்கவில்லை. வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“இல்லக்கா. மொதல்ல ஆறு மணி. மார்ச்சுல அவங்க ஊர்ல கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வெச்சாங்க. அதுலேர்ந்துதான் அஞ்சு. ஒரு மணி நேரம் லாபம்.”

லாபமாம்! இவளை என்ன செய்வது, சொல்லுங்கள்?

அந்த நேரம் பார்த்து சுதாவின் போன் அடித்தது. மதுதான். எடுத்தது நான். அவளுக்குப் பதமாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“பெரியம்மா? நீங்க ஏன் எடுக்கறீங்க? அம்மா எங்க?”

“கிளினிக்ல படுத்திருக்கா. ஏன்னு கேளு. நீ இன்னும் சாப்பிடலையாம், அதனால அவளும் சாப்பிடாம ரோட்டுல மயங்கிட்டா.”

மது முகம் வெளுத்துவிட்டது. போனைத் திருப்பி சுதாவைக் காட்டினேன். ‘எனக்கு ஒண்ணுமில்லடி’ என்று கையை ஆட்டினாள். 

“நான் இன்னிக்கு லேட் பண்ணவே இல்லையே பெரியம்மா! ஓடி வந்துட்டேனே!”

“ஓடி வந்தியா? எங்கேர்ந்து?”

“காலேஜ்லேர்ந்து. தினமும் ஓடித்தான் வர்றேன். நான் லேட் பண்ணா அம்மா பட்டினி கிடப்பாங்க இல்ல?”

இது எனக்கு அன்றைய இரண்டாவது அதிர்ச்சி. அம்மா பெண்ணுக்காகக் காத்திருக்கிறாள். பெண் அம்மாவுக்காக ஓடி வருகிறாள். இருவருக்கும் இது தெரியும். இருவரும் இதை நிறுத்தவில்லை.

“காலேஜ்லயே சாப்பிட்டுட்டு ஒரு மெசேஜ் போட்டா என்னடி?”

“அம்மா தட்டைப் பார்க்கணும் பெரியம்மா. கேண்டீன்ல ஒரே சத்தம். அம்மாவுக்கு நான் பேசறது கேக்காது.”

விசாரிக்க விசாரிக்க ஒவ்வொன்றாக வெளியே வந்தது. காலையில் மூன்று மணி நேரம்தான் அவர்களுக்கு வகுப்பறை. பன்னிரண்டு மணிக்கு மேல்தான் உண்மையான படிப்பாம். புரொபசரோடு எல்லோரும் கையில் ஒரு சாண்ட்விச்சை வைத்துக்கொண்டு ஊருக்குள் நடப்பார்கள். படிக்கட்டு, சந்து, மார்க்கெட், பழைய வீடு என்று எங்கேயாவது உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வரைவார்கள். சாயங்காலம் வரை நடை.

“நீ போறதில்லையா?”

“ஆரம்பத்துல சாப்பிட்டுட்டுப் போய் சேர்ந்துக்கலாம்னு பார்த்தேன். அதுக்குள்ள எங்கயோ போயிடறாங்க, கண்டுபிடிக்க முடியலை. அப்புறம் விட்டுட்டேன். ரூம்ல உக்காந்து இன்டர்நெட்ல போட்டோ பார்த்து வரைஞ்சு குடுத்துடறேன்.”

இன்டர்நெட்டில் போட்டோ பார்த்து வரைய போர்ச்சுகல் எதற்கு? சேலையூரில் தன் ரூமில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தே வரைந்திருக்கலாமே! செமஸ்டர் பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சம் இருப்பது கொஞ்ச நாள்தான். இந்தப் பெண் எதையும் பார்க்காமலே திரும்பி வந்துவிடுவாளோ என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். அவள் ரூம் இருட்டாக இருந்தது.

“ஏண்டி இருட்டுல உக்காந்திருக்க? அங்க நடுப்பகல்தானே?”

“திரையைத் திறந்தா பின்னாடி வெளிச்சம் அடிச்சு என் முகம் கறுப்பாத் தெரியுது. அம்மாதான் மூடச் சொன்னாங்க. நான் இளைச்சிருக்கேனான்னு பார்க்கணுமாம்.”

“திற அதை.”

திறந்தாள். போனைத் திருப்பினாள்.

மலைச்சரிவில் சிவப்பு ஓட்டுக் கூரைகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்கிப்போயின. நீல டைல் பதித்த சுவரோடு ஒரு சர்ச். ஜன்னலுக்கு ஜன்னல் துணி காய்கிறது. கீழே அகலமாக ஒரு ஆறு. ஆற்றுக்கு மேலே, ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு வில் போல வளைந்து நிற்கும் இரும்புப் பாலம். பறவைகளின் கத்தல் இந்தப் பக்கம் கிளினிக் ஃபேன் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

சுதா கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

“அடியே... இது உன் ரூமுக்கு வெளிலயா இருக்கு?”

“ஆமாம்மா.”

“எத்தனை நாளா?”

“நூறு வருஷத்துக்கு மேலம்மா.”

நர்ஸ் சிரித்துவிட்டாள். சுதா சிரிக்கவில்லை. கண்ணாடியை மூக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு போனைக் கிட்டத்தில் வாங்கிப் பார்த்தாள். “அந்தப் பாலத்துக்கு அந்தாண்ட என்ன இருக்கு?” என்றாள்.

மது போனைத் தன் பக்கம் திருப்பினாள். “தெரியாதும்மா. ஒரு ஞாயித்துக்கிழமை பாதிப் பாலம் வரைக்கும் போனேன். சாப்பாட்டு நேரமாயிடுச்சு, திரும்பிட்டேன்” என்றாள்.

கட்டடக்கலை படிக்கப் போன பெண். ஜன்னலுக்கு வெளியே ஒரு பாலம். பாதி வரைக்கும் போயிருக்கிறாள்! எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அதோடு முடியவில்லை. அடுத்த வாரக் கடைசியில் வகுப்பு முழுக்க ஒரு மலைக் கிராமத்துக்கு மூன்று நாள் போகிறதாம். எல்லாம் கல்லாலேயே கட்டிய வீடுகள். ஆளுக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு, அங்கேயே தங்கி, அளந்து, வரைய வேண்டும். இந்த செமஸ்டரின் பெரிய பயிற்சியே அதுதான். மது வரவில்லை என்று சொல்லிவிட்டாள். அங்கே சிக்னல் கிடைக்காதாம்.

“புரொபசர்ட்ட என்ன காரணம் சொன்ன?”

“உண்மையைத்தான் சொன்னேன் பெரியம்மா. நான் போன்ல சாப்பிடறதைப் பார்த்தாதான் எங்கம்மா சாப்பிடுவாங்கன்னு. ‘உடம்பு சரியில்லையா?’ன்னு கேட்டாங்க. இல்லைன்னேன். ‘வீட்ல சாப்பாட்டுக்குக் கஷ்டமா?’ன்னு கேட்டாங்க. அதுவும் இல்லைன்னேன். அப்புறம் அவங்க ஒண்ணும் கேக்கலை. பாவமா பார்த்தாங்க.”

அன்று ராத்திரி எட்டு மணிக்குப் பட்டறையிலிருந்து வந்த கண்ணனுக்கு விஷயத்தைச் சொன்னோம். மனுஷர் அதிர்ந்து பேசத் தெரியாதவர். டிபன் கேரியரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

“தினம் ரெண்டு மணிக்கு ‘சாப்ட்டாச்சு’ன்னு எனக்கு மெசேஜ் போடுவியே சுதா?”

“நீங்க கவலைப்படக் கூடாதுன்னுதான்.”

“அப்போ அதெல்லாம்...?”

இந்தக் குடும்பத்தில் யாரும் யாரையும் கவலைப்பட விடமாட்டார்கள். அதனால்தான் ஒருத்தி ரோட்டில் மயங்கி விழ வேண்டியதாயிற்று.

அன்று ராத்திரியே மது போனில் ஒரு கண்டிஷன் போட்டாள். “அம்மா ஒரு மணிக்கு ஒழுங்கா சாப்பிடறாங்கன்னு நான் நம்பினாதான் கிராமத்துக்குப் போவேன். போட்டோ அனுப்பக் கூடாது. அம்மா பழைய போட்டோவை அனுப்புவாங்க. எனக்கு லைவா பார்க்கணும். பெரியம்மா சாட்சிக்கு இருக்கணும்.”

ஒரு மணி என்றால் அவளுக்குக் காலை எட்டரை. வகுப்புக்குக் கிளம்பும் முன் பார்த்துவிட்டுப் போய்விடலாம். நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. புதன்கிழமை ஒரு மணிக்கு நான் ஆஜர். கத்திரிக்காய் சாம்பார், வாழைக்காய் வறுவல். போன் உப்பு ஜாடியில் சாய்ந்து நின்றது. சுதா மதுவின் கண் எதிரே நாலு வாய் சாப்பிட்டாள். மது சந்தோஷமாக பை சொன்னாள். நானும் ஒரு பிடி பிடித்துவிட்டுக் கிளம்பினேன்.

தெருமுனை வரை போனவள், ஹெல்மெட்டை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தேன். சுதா சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். மிச்சச் சாப்பாட்டை ஒரு டப்பாவில் போட்டு, மூடி, ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டிருந்தாள்!

“சுதா, என்ன இது?”

“அஞ்சு மணிக்குச் சாப்ட்டுக்கறேன்கா.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கத்தினேன். நேற்றுதானே கிளினிக்குக்குப் போனாய், உனக்குப் புத்தி இருக்கிறதா, அந்தப் பெண்ணின் படிப்பைக் கெடுக்கிறாயே என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவள் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“தொண்டைல நிக்குதுக்கா. நான் என்ன பண்ண? அவ இப்பத்தான் எழுந்திருச்சிருப்பா, வெறும் வயித்தோட பஸ்ஸுக்கு ஓடுவா, நான் இங்க சாம்பார் ஊத்தித் திங்கறேன். எப்படி இறங்கும்?”

“அவ குழந்தை இல்லடி.”

“தெரியும். ஆனா இங்கேர்ந்து அவளுக்காக நான் வேற என்னக்கா பண்ண முடியும்? துணி துவைக்க முடியுமா? தலை பின்னி விட முடியுமா? பசியோட காத்துட்டிருக்கறது ஒண்ணுதான் என்னால முடிஞ்சுது.”

வாராவாரம் ஊருக்கே புத்தி சொல்லி எழுதுகிறவள் நான். தங்கைக்குச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வரும் வழியில் அழுகை வந்தது. இவளைத் திருத்த முடியாது, மதுவும் கிராமத்துக்குப் போகப் போவதில்லை என்று முடிவே கட்டிவிட்டேன்.

நம் தெருக்களில் வீட்டுக்கு வீடு ஒரு பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறது. சாயங்காலம் வாக்கிங் போனால் தெரியும். ஒவ்வொரு வாசலிலும் ஒரு அம்மா, காதில் போன். “குளிருதா? இருமறயே? என்ன சமையல்? யார் கூடப் போற?” கேட்பது எல்லாம் அன்புதான். யார் இல்லை என்றது? ஆனால் அங்கே அந்தப் பிள்ளையின் சாயங்காலம் என்ன ஆகிறது என்று நாம் யோசித்திருக்கிறோமா? நான் யோசித்ததில்லை. பருப்புப்பொடி முதல் பாத்ரூம் செருப்பு வரை எல்லாம் கட்டிக்கொடுக்கிறோம். போன இடத்தில் ஒரு முழுப் பகலை மட்டும் கொடுக்க மாட்டேன் என்கிறோம்!

வியாழக்கிழமை நான் போகவில்லை. கோபம். வெள்ளிக்கிழமை மனசு கேட்காமல் ஒரு மணிக்குப் போய் நின்றேன். உள்ளே நுழைந்தவளுக்கு அதிர்ச்சி.

சுதா சாப்பிட்டு முடித்திருந்தாள். தட்டு காலி. ரசம் வரை வழித்திருந்தாள். பக்கத்தில் போன் இல்லை. அது ஹாலில் சார்ஜில் கிடந்தது.

“என்னடி இது?” என்றேன். முந்தாநாள் கேட்ட அதே கேள்வி, குரல்தான் வேறு.

“ரெண்டு ராத்திரியாத் தூக்கமே இல்லக்கா. அந்தப் பாலமே கண்ணுல நிக்குது. அவ போன நாள்லேர்ந்து அவ மூஞ்சியைத்தான் பார்த்திருக்கேன். அவ எங்க இருக்கான்னு நான் பார்க்கவே இல்லை. அதுவும் போகட்டும், அவளையும் பார்க்க விடலையே! திரையை மூடச் சொன்னது நான்தானே?”

“மதுகிட்ட பேசினியா?”

“காலைல பேசினேன். ‘அந்தப் பாலத்துக்கு அந்தாண்ட என்ன இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சாகணும், போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு, அதுவரைக்கும் போன் பண்ணாத’ன்னு சொல்லிட்டேன். கிராமத்துக்கும் பேர் குடுக்கச் சொல்லிட்டேன். நான் சாப்பிடலைன்னா அவ போக மாட்டா இல்ல? அதான் சாப்ட்டேன்.”

“இறங்கிச்சா?”

“இறங்கலை. இறக்கினேன்.”

பாலத்துக்கு அந்தாண்டை என்ன இருந்தது என்று அன்று சாயங்காலமே தகவல் வந்தது. ஏதோ பழைய கிடங்குகளாம், வரிசையாகப் படகுகளாம், அங்கிருந்து திரும்பிப் பார்த்தால்தான் தான் இருக்கும் ஊரே முழுசாகத் தெரிகிறதாம். அடுத்தடுத்த நாட்களில் சாண்ட்விச் கூட்டத்தோடு மது நடக்க ஆரம்பித்தாள். நான் தினமும் ஒரு மணிக்குச் சாட்சிக்குப் போனேன். சாட்சி சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. என் எடைதான் ஏறியது.

பிறகு அந்த மூன்று நாள். மது கிராமத்துக்குக் கிளம்பிவிட்டாள். சொன்னது போலவே சிக்னல் இல்லை.

முதல் நாள் சுதா சமாளித்துவிட்டாள். இரண்டாம் நாள் போனை அணைத்துப் போட்டுப் பார்த்தாள், ரிப்பேரோ என்று. கண்ணன் பட்டறையிலிருந்து நாலு தடவை கூப்பிட்டு, “ஏதாவது தகவல் உண்டா? சாப்ட்டியா?” என்று விசாரித்தார். அவருடைய கவலை இப்போது இரட்டிப்பாகிவிட்டது. மூன்றாம் நாள் ஒரு மணிக்கு சுதா தட்டின் முன் உட்கார்ந்தாள். மோர்க்குழம்பு ஊற்றிப் பிசைந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் போனைப் பார்த்தாள். ஆனாலும் நிறுத்தவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. நான் பார்க்காதது போல் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன். சொல்லிவிடுகிறேன், எனக்கு என் தங்கை மேல் அன்றைக்கு இருந்த மரியாதை அதற்கு முன் இருந்ததில்லை.

சாயங்காலம் போன் வந்தது. சுதா பாய்ந்து எடுத்தாள்.

எனக்கு மதுவை முதலில் அடையாளமே தெரியவில்லை. மூக்கெல்லாம் வெயிலில் சிவந்து கறுத்திருந்தது. தலை பரட்டை. சட்டையில் மண். பின்னால் ஒரு பெரிய கல் சுவர், அதற்குப் பின்னால் மலை. பேச ஆரம்பித்தவள் மூச்சு விடவில்லை.

“அம்மா! பஸ்ஸுக்கு இறங்கி வந்தேன், இங்கதான் சிக்னல் வந்துச்சு. ஒரு சுவர் எவ்ளோ அகலம் தெரியுமாம்மா? நான் படுத்துப் பார்த்தேன், அப்படியே உள்ள அடங்கிட்டேன்! சிமென்ட்டே கிடையாது. கல்லு மேல கல்லு, அவ்ளோதான். கீழ்த்தளத்துல ஆடு, மேல மனுஷங்க. ஆட்டோட சூடு மேல வருமாம், குளிர்காலத்துக்கு. எந்தப் புக்லயும் எனக்கு இது புரியவே இல்லம்மா! டேப் பிடிக்க ஆள் இல்லைன்னு அந்த வீட்டுக்காரர் வந்து பிடிச்சார். அவர் சொன்னது எனக்குப் புரியலை, நான் சொன்னது அவருக்குப் புரியலை, ஆனா முழு வீட்டையும் அளந்துட்டோம். என் டிராயிங்கைத்தான் புரொபசர் எல்லாருக்கும் காட்டினாங்க. அம்மா, இரு, இதைப் பாரு, இந்தப் படி... ஐயோ பஸ் எடுக்கறாங்க! வெச்சுடறேம்மா, பை, பை பெரியம்மா!”

கட்.

சுதா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அணைந்துபோன திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது.

“அக்கா.”

“ம்?”

“அவ என்னை சாப்ட்டியான்னு கேக்கவே இல்லக்கா.”

அவசரத்தில் மறந்திருப்பாள், ராத்திரி கேட்பாள் என்று ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். சுதா கையைக் காட்டி நிறுத்தினாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“விடுக்கா. இப்பத்தான் அவ போர்ச்சுகல் போய்ச் சேர்ந்திருக்கா.”

வெளிநாட்டில் கிடைக்கும் ஒரு செமஸ்டரைப் பிள்ளைகள் உருப்படியாகப் பயன்படுத்திக்கொள்ள என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு எழுதும் பெற்றோருக்கு, என்னிடம் இப்போது ஒரே ஒரு டிப்ஸ்தான் இருக்கிறது — நீங்கள் மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிடுங்கள்.